விருந்தினராய் வந்தவர்கள்

1964ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள். மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகர இரயில் நிலையத்தில் இசைக்குழு முழங்கியது. போர்த்துகல் நாட்டிலிருந்து வந்திறங்கிய அர்மாண்டோ ரோட்ரிக்ஸ் என்ற தச்சரை மலர்க்கொத்துடன் வரவேற்றனர். ஒரு சிறிய மோட்டார் சைக்கிளையும் பரிசாக அளித்தனர். அந்நாட்டுக்கு வேலைக்கு வந்த பத்து இலட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளர் அவர்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரம் விரைந்து வளர்ந்தது. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. எனவே, அரசாங்கம் 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தம் செய்து ஆள்களைச் சேர்த்தது. வந்தவர்கள் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அழைக்கப்பட்டனர். விருந்தினர் என்போர் சில காலம் தங்கிவிட்டுத் திரும்புபவர் அல்லரா? அரசாங்கமும் அவ்வாறே எண்ணியது. துருக்கியர் இரண்டு ஆண்டுகள் மட்டுமே தங்கலாம் என்று விதித்தது. ஆனால், வேலை பழகியவர்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களுக்கு மீண்டும் பயிற்சியளிக்க முதலாளிகள் விரும்பவில்லை. அதனால், 1964இல் அவ்விதி நீக்கப்பட்டது.

1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டதும் அரசாங்கம் ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதுவரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் வந்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் தாயகம் திரும்பினர். எஞ்சியோரின் நிலை வேறு. ஒருமுறை ஊர் திரும்பினால் மீண்டும் வேலைக்கு வர இயலாது என்று துருக்கியர் பலர் அஞ்சினர். ஆகவே, அங்கேயே தங்கி, மனைவி மக்களையும் வரவழைத்துக் கொண்டனர். வருகையைக் குறைக்கக் கொண்டுவந்த தடையே பலரை நிலையாகக் குடியேறச் செய்தது.

அவர்களின் பிள்ளைகள் ஜெர்மனியில் பிறந்து, ஜெர்மானிய மொழியில் கல்வி கற்றனர். இருந்தும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் அந்நியர்களாகவே இருந்தனர்; பெற்றோரின் குடியுரிமையே பிள்ளைகளின் குடியுரிமையைத் தீர்மானித்தது. 2000ஆம் ஆண்டில்தான் இந்நிலை மாறியது. பெற்றோருள் ஒருவர் எட்டு ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருந்தால், அங்குப் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024இல் அக்காலவரம்பு ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. இரட்டைக் குடியுரிமைக்கும் அனுமதி கிடைத்தது.

ரோட்ரிக்ஸ் பின்னர் போர்த்துகலுக்கே திரும்பிவிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் இன்று பான் நகரிலுள்ள அரும்பொருளகத்தில் இருக்கிறது. அவரைப் போல் விருந்தினராய் வந்து தங்கிவிட்ட பலரின் பேரப்பிள்ளைகளோ அந்நாட்டின் குடிமக்களாக வாழ்கின்றனர். உழைக்கக் கைகளை மட்டுமே அழைத்ததாக எண்ணிய ஒரு நாடு, வந்தவர்கள் குடும்பமும் கனவும் உடைய மனிதர்கள் என்பதைச் சட்டத்தில் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று.