கண்மாய் நீரில் வாழும் அணுஜீவிகள்

நமது ஜில்லாவில் கவிநாட்டுக் கண்மாய் முதலிய நீர்நிலைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புங்கால் செம்மண் கலங்கலாயிருப்பதை யாவரும் அறிவர். அக்கலங்கலினூடே வெளிச்சம் புகாதாகையால், வெளிச்சத்தால் ஜீவிக்கும் நீலப்பச்சைப் பாசி அப்போது பெருகுவதில்லை. இமயமலைப் பனியாற்று ஏரிகளிலும் பாறைத்தூள் கலந்த நீரில் இதே தடை உண்டு. குளிர் அங்கே மற்றொரு தடை.

தை, மாசியில் நீர் தெளிந்து குறைய, வெயிலேறி உரச்சத்துஞ் செறிவதால் பாசி படர்கிறது. இதுவும் பாக்டீரியா இனமே. இவற்றுட் சில, ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைப் பயிருக்குதவும்படி மாற்றுவதை பி. கே. டே என்பார் நெல்வயல் மண்ணில் ஆராய்ந்து 1939-ல் வெளியிட்டார். எனினும் எல்லாப் பாசியும் நல்லதன்று. பச்சைச் சாயத்தைக் கொட்டினாற்போல் ஏடு படிந்த நீரில் விஷமிருக்கக்கூடும்; கால்நடைகளை அதில் இறக்கலாகாது.

அடிச்சேற்றின் நிலைமையே வேறு. காற்றில்லாத அவ்விடத்து இனங்கள் சதுப்பு வாயுவையும், அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவையும் உண்டாக்கும். பின்னது இரும்புடன் கூடுவதாற் சேறு கறுக்கிறது. கோடையில் மண் வெடித்துக் காற்றுப் புகுந்ததும் அவை ஒடுங்க, வேறினங்கள் தலையெடுத்து அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆதலின் ஈரச்சேற்றை அப்படியே வயலிற் கொட்டாமல், தக்க அனுமதி பெற்றுச் சித்திரையில் எடுத்துப் பரப்பி, ஆறவிட்டு உழுக. நன்செயில் நீர் தேங்கினால் அந்நைட்ரேட் மீண்டும் வாயுவாய்க் கழியுமாதலின், மானாவாரிக் கேழ்வரகுப் புழுதிக்கே இவ்வண்டலை முதலிற் கொடுக்கவேண்டும்.