பூசைக்கு வருபவரும் வராதவரும்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னையின் சாந்தோம் பேராலயம் ஆகட்டும், 1516-இல் எழுந்த லஸ் பிரகாச மாதா கோயில் ஆகட்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "அந்த வீட்டுக்காரங்களை ஏன் கொஞ்ச நாளா காணோம்?" அக்கறையோடு கேட்டால் அதில் தவறில்லை. உரியவரிடம் கேட்காமல் நாமாகவே பதிலை முடிவுசெய்து நாலு வீட்டுக்குப் பரப்புவதுதான் தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல் கிறிஸ்தவர்கள். அத்தனை பேரின் உள்ளத்தையும் ஞாயிற்றுக்கிழமை வருகையை வைத்தே அளந்துவிடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பூசைக்கு வராதவருக்கு விசுவாசம் போய்விட்டது.

விசுவாசம் குன்றி விலகுவோர் உண்டு. விலகும் எல்லோரும் அப்படியல்லர். தி.நகர் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் உச்சம் தொடும் நாள். சட்டம் கடைப் பணியாளருக்கு வார விடுமுறை தருகிறது, ஆனால் அது ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவமனைச் செவிலியர், காவலர், படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு நகர முடியாத மகள் என இந்தப் பட்டியல் நீளும். துக்கம் தாளாமல் வராதவர் உண்டு. சாதியால் காயப்பட்டு ஒதுங்கியவரும் உண்டு. தலித் கிறிஸ்தவர்கள் திருச்சபைக்குள்ளேயே பாகுபாட்டுக்கு ஆளாவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 'விசுவாசம் போச்சு' என்று சொல்லிவிட்டால் குறை முழுவதும் வராதவர் தலையில் விழுகிறது, நம்மை நாம் கேட்டுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. இந்தத் தவறு நிலைப்பது இதனால்தான். ஆறுதல் மிகவும் தேவைப்படும் வீட்டுக்கே யாரும் போகாமல் விடுவதுதான் இதற்கு நாம் கொடுக்கும் விலை.

நம்பிக்கை 2: ஞாயிறு பூசை தவறினால் சாவான பாவம், எந்தக் காரணமும் செல்லாது.

திருச்சபைப் போதனையின் முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்ததன் விளைவு இது. ஞாயிறு பூசை கத்தோலிக்கருக்குக் கடமை. தக்க காரணமின்றி வேண்டுமென்றே தவிர்ப்பது கனமான பாவம் என்பதே திருச்சபையின் போதனை. அதே போதனை நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் தக்க காரணங்களாக எடுத்துக்காட்டுகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் விதிப்படி, சனிக்கிழமை மாலைப் பூசையில் பங்கேற்றாலே ஞாயிறு கடன் நிறைவேறும். பூசைக்குப் போகவே வழியில்லாதவர் குடும்பமாகச் செபிக்கலாம் என்றும் அவ்விதி பரிந்துரைக்கிறது. நடக்க முடியாத முதியவர், பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டால் நற்கருணை வீடு தேடி வரும். சட்டம் காட்டும் இந்த இரக்கத்தை அண்டை வீட்டார் காட்ட மறுப்பதால், குற்றமே செய்யாத முதியவர்கள் குற்ற உணர்வில் வாடுகிறார்கள்.

நம்பிக்கை 3: விவாகரத்தானவர் கோயிலுக்கு வரக்கூடாது, நன்மை (நற்கருணை) வாங்காதவர் ஏதோ பெரிய பாவம் செய்தவர்.

இரண்டுமே பிழை. நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றதால் மட்டும் ஒருவர் திருச்சபைக்கு வெளியே போய்விடுவதில்லை. மறுமணம் செய்யாதவர் மற்றவர்களைப் போலவே நன்மை வாங்கலாம். திருச்சபைக்கு வெளியே மறுமணம் செய்தவருக்கு நன்மை வாங்குவதில் தடை உண்டு. ஆனால் அவர்களும் திருச்சபையைச் சேர்ந்தவர்களே, பூசைக்கு வர வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இலேயே எழுதினார். நன்மை வாங்காமல் அமர்ந்திருப்பவருக்கோ ஆயிரம் காரணங்கள் இருக்கலாம்: ஒரு மணி நேர உபவாசம் தவறியிருக்கும், பாவசங்கீர்த்தனம் செய்யாதிருப்பார், அல்லது கத்தோலிக்கராகவே இல்லாதிருப்பார். நன்மைக்கான ஒழுங்கையும் கோயிலை விட்டு விலக்கிவைப்பதையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பக்கத்துப் பெஞ்சின் பார்வைக்கு அஞ்சி ஒரு பெண் வராமல் நின்றால், அவளுடைய பிள்ளைகளின் மறைக்கல்வியும் அதோடு நின்றுபோகிறது.

நம்பிக்கை 4: ஒழுங்காக வராதவருக்குக் கல்லறையில் இடம் கிடைக்காது.

பயமுறுத்தி வரவழைக்கச் சொல்லப்படும் பேச்சு இது. கிறிஸ்தவ அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படலாம் என்பதை 1184-ஆம் விதி வரையறுக்கிறது: விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்தவர், அதற்கு எதிரான நோக்கத்தோடு எரியூட்டலைத் தேர்ந்தவர், பிறருக்கு இடறலாக வாழ்ந்த வெளிப்படையான பாவிகள். சாகுமுன் மனம் வருந்திய அடையாளம் இருந்தால் இவர்களுக்கும் மறுப்பில்லை. பூசைக்கு வராதவர் என்றொரு வகை அந்த விதியில் இல்லை. தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கச் சடங்கை மறுத்த விதி 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்தது. 1983 தொகுப்பில் அது இடம்பெறவில்லை. பெரியவர்களின் நினைவில் பழைய சட்டமே தங்கிவிட்டதால் அச்சமும் தங்கிவிட்டது. கல்லறையில் இடநெருக்கடி இருப்பது உண்மை. கீழ்ப்பாக்கத்தில் குடும்பக் கல்லறைகளையே மீண்டும் திறந்து அடக்கம் செய்கிறார்கள். அது நகரத்தின் இடப்பஞ்சம். அதை இறந்தவரின் பக்தியோடு முடிச்சுப்போட்டு, துக்க வீட்டை மேலும் நோகடிக்க நமக்கு உரிமையில்லை.

நம்பிக்கை 5: வேற்று மதத்தவர் கோயிலுக்கு வந்தால் மதம் மாறிவிட்டார் என்று பொருள்.

ஆகஸ்ட் 29-இல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்துவரும் கூட்டத்தில் இந்துக்கள் ஏராளம். வேண்டுதலோடு வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கள் மதத்தோடேயே வீடு திரும்புகிறார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் யாரும் கிறிஸ்தவர் ஆவதில்லை. சட்டத்தின் பார்வையும் தெளிவானது. ராமநாதபுரத்தைச் சேர்ந்த, பட்டியல் சாதியில் பிறந்து கிறிஸ்தவரை மணந்த பெண் மருத்துவரின் வழக்கில், கணவரோடு கோயிலுக்குப் போவதும் சிலுவையை மாட்டிவைப்பதும் தம் மதத்தைத் துறந்ததாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் கூறி, அவருடைய சாதிச் சான்றிதழைக் காத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ்க் கோரிக்கையை நிராகரித்தது உண்மைதான். ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவராகவே வாழ்ந்து வந்தவர். இரண்டு வழக்குகளையும் ஒன்றாக்கிப் பேசுவதால், துணைவரோடு ஒரு கிறிஸ்துமஸ் பூசைக்கு வரவும் பலர் அஞ்சுகிறார்கள்.

நம்பிக்கை 6: போகிறவர்கள் பகட்டுக்கும் கல்யாண சம்பந்தத்துக்கும்தான் போகிறார்கள்; யூடியூப் பூசையே போதும்.

வராதவரைப் பழிப்பது போலவே வருபவரைப் பழிப்பதும் அநியாயம். வேலை தேடி இந்த நகரத்துக்கு வந்தவருக்குப் பெயர் சொல்லி அழைக்கும் முதல் கூட்டம், பங்கின் அக்கம்பக்கத்துச் சிறு குழுவான அன்பியமாக இருக்கலாம். பாடகர் குழுவுக்காக வருபவர் உண்டு. 1833-இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் பங்குக் கிளைகள் வழியாக ஏழை வீடுகளுக்கு உதவ வருபவர் உண்டு. பல காரணங்கள் ஒன்றுகூடி ஒருவரைக் கோயிலுக்கு அழைத்துவருவதில் வெட்கப்பட எதுவுமில்லை. 2020-இல் ஊரடங்கின்போது கோயில்கள் மூடியிருந்த காலத்தில் திரையில் பார்த்த பூசை பேருதவியாக இருந்தது. நோயாளிக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் நடமாடும் நலமுள்ளவரின் ஞாயிறு கடனை அது நிறைவேற்றாது. நற்கருணையைத் திரை வழியே பெற முடியாது. கூடிச் செபிப்பதற்கு ஈடாக வீட்டில் தனியே பார்ப்பதை வைக்கவும் முடியாது.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு ஒவ்வொருவரின் மனச்சான்றுக்கும் சுதந்திரம் தருகிறது. திருச்சபைச் சட்டமோ காரணம் கேட்டு, இரங்கி, இடம் கொடுக்கிறது. நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நம்மிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. ஒருவர் சில வாரங்களாக வரவில்லையென்றால் அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். உடம்புக்கு முடியவில்லையென்றால் பங்குத்தந்தையிடம் சொல்வோம். நம்மால் காயப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்போம். எந்தக் காரணமும் சொல்ல விரும்பாவிட்டால் அதையும் மதித்துத் திரும்புவோம்.