டீசல் எஞ்சினை இயக்குமுன் நிறுத்தும் கருவியைச் சோதியுங்கள்

ஊர் திரும்பும் குடும்பங்கள் அரிசி ஆலை, மின்பிறப்பாக்கி, நீர் இறைக்கும் இயந்திரம் ஆகியவற்றை மீண்டும் இயக்க விரும்புவது இயல்பு. ஆனால் நெடுநாள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் நிறுத்தும் கருவியும் பழுதடைந்திருக்கலாம். ஓடும் பெல்டில் சாரமோ சேலையோ சிக்கினால், உயிரைக் காப்பது அந்தக் கருவிதான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் எரிகிறது. ஆகவே பற்றறி வயரைக் கழற்றினாலும் பல எஞ்சின்கள் நிற்காது. டீசலை அல்லது காற்றைத் தடுக்க வேண்டும்.

இயக்குமுன்

1. டீசல் பம்பிலுள்ள நிறுத்தும் லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். துருவால் இறுகியிருந்தால், மெக்கானிக் திருத்தும்வரை இயக்க வேண்டாம்.

2. கேபிள் இருந்தால் ஒருவர் இழுக்க, மற்றவர் லீவர் முழுமையாக அசைகிறதா என்று பார்க்கட்டும்.

3. ஒயில் மேல் அடையாளத்தைத் தாண்டக் கூடாது.

4. காற்றுக் குழாயின் வாயை முழுதாக மூடக்கூடிய தடித்த பலகையொன்றை அருகில் வையுங்கள்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால்

சிவப்பு அவசர பொத்தான் அழுத்தியபடி பூட்டியிருக்கலாம். காரணத்தை அறிந்த பின் அதைத் திருகியோ இழுத்தோ விடுவியுங்கள். மின்சாரத்தால் டீசலைத் திறக்கும் வால்வு இருந்தால், திறப்பைத் திருப்பும்போது அதில் ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். கேட்காவிட்டால் பியூஸ், வயர், பற்றறி ஆகியவற்றைப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிச் சில விநாடிகளில் நின்றால், ஒயில் அழுத்தம் குறைந்து பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியிருக்கலாம். அந்த சுவிட்சை விலக்கி வயரை நேரடியாக இணைக்க வேண்டாம்.

நிற்காவிட்டால்

முதலில் பம்பின் லீவரைக் கையால் நிறுத்தும் பக்கம் தள்ளுங்கள். டாங்கியின் குழாயை மூடினாலும், உள்ளே மீதமுள்ள டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும்.

வேகம் தானாக ஏறினால் எஞ்சின் தன் ஒயிலையே எரித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் டீசலை மூடிப் பயனில்லை. எல்லோரையும் விலக்குங்கள். பாதுகாப்பாக நெருங்க முடிந்தால் மட்டும் பலகையால் காற்றுவாயை மூடுங்கள். கையையோ துணியையோ வைக்க வேண்டாம், உள்ளே இழுக்கப்படும்.

ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்த வேண்டாம். பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

முதல் முறை சுமையின்றி மெதுவாக இயக்கி, உடனே நிறுத்திப் பாருங்கள். பின்னர் மாதம் ஒருமுறை அவ்வாறே சோதியுங்கள். எஞ்சின் அருகில் வேலை செய்யும் எல்லோருக்கும் அதை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.