ஆறே அத்தியாயங்கள்

கேள்வி: 'சிட்டி ஆஃப் கோஸ்ட்ஸ்' கார்ட்டூன் ஆறு அத்தியாயங்களோடு நின்றுவிட்டதே, குழந்தைகளுக்கு அது பிடிக்கவில்லை என்றுதானே பொருள்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. எலிசபெத் ஈட்டோ உருவாக்கி 2021 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த தொடர் இது. லாஸ் ஏஞ்சலஸ் சிறுவர்கள் சிலர், ஜெல்டா என்ற சிறுமியின் தலைமையில், ஊரிலுள்ள பேய்களைப் பேட்டி எடுக்கிறார்கள். பேய் என்றால் பயமுறுத்துகிற பேய் இல்லை. அந்தந்தப் பேட்டையின் பழங்கதை தெரிந்த பெரியவர்கள், அவ்வளவுதான். பாயில் ஹைட்ஸ், லைமர்ட் பார்க் என ஒவ்வொரு பகுதியாகப் போகிறார்கள்; மண்ணின் பூர்வகுடிகளான டோங்வா மக்களின் மொழிக்கும் இடமுண்டு. பின்னணியில் தெரிவது உண்மையான தெருக்கள். கேட்கிற குரல்களில் பல அங்கேயே வாழ்கிறவர்களுடையவை. பேச்சில் தடுமாற்றமும் இழுவையும் அப்படியே இருக்கும். இப்படியொரு தொடரை அவசரமாக எடுக்க முடியாது.

"துரத்தலும் அடிதடியும் இல்லாமல் எந்தக் குழந்தை உட்கார்ந்து பார்க்கும்?" என்று கேட்கலாம். வேகத்துக்குப் பழகிய பிள்ளை முதலில் நெளியத்தான் செய்யும். ஆனால் இந்தத் தொடரின் கதையே கேள்வி கேட்பதுதான். அது குழந்தைகளுக்குச் சலிக்கிற விளையாட்டா என்ன? கதை முடியாமல் அறுந்துபோகவும் இல்லை, ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனியே முழுமையானது. சிறந்த ஒளிபரப்புப் படைப்புகளுக்குத் தரப்படும் பீபடி விருதும் கிடைத்தது. நீண்ட நாள் ஓடுவது ஒளிபரப்புகிறவரின் கணக்கு. அதைக் குழந்தையின் ரசனையில் ஏற்றுவானேன்?