மல்லிகையும் மதில் நிழலும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரி நகருக்கு மேற்கே, லிங்காரெட்டிப்பாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அடுத்துள்ள காட்டேரிக்குப்பம் முதலிய சிற்றூர்களில், முன்வாசலில் ஒரு நந்தியாவட்டையும், கிணற்றடியில் ஒரு மல்லிகைப் புதரும், கொல்லையில் நாலைந்து கனகாம்பரச் செடிகளும் இல்லாத வீடு அரிது. ஆண்டுதோறும் விதைத்து ஆண்டுதோறும் பிடுங்கி எறியப்படும் செண்டுமல்லியையும் கோழிக்கொண்டையையும் போலன்றி, இவை ஒருமுறை வேரூன்றிவிட்டால் பல ஆண்டுகள் அக்குடும்பத்தோடு கூடவே வாழ்பவை. பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும் வசந்த ருதுவையும் அதைத் தொடரும் கோடையையும் தம் மலர்களால் நிரப்புபவை. இவற்றைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகப் படர்ந்துள்ள நம்பிக்கைகளில் சில அநுபவத்தின் சாரம். சில, வேறு தேசத்துத் தோட்டப் புத்தகங்களிலிருந்து ஆராயாமல் எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஒன்றோ, செடிக்கு வந்த நோய்க்கு வீட்டுப் பெண்களைக் குற்றவாளிகளாக்கும் கொடுமை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது, செடிகளுக்கும் அவற்றை வளர்ப்போருக்கும் நாம் செய்யவேண்டிய கடமை என்று கருதுகிறேன்.

பூக்கிற செடியின்மேல் கத்தி வைக்கலாகாது என்பது முதல் நம்பிக்கை. வெட்டினால் செடிக்குக் கோபம் வரும், அப்புறம் பூக்காது என்று சொல்லும் பாட்டிமார்களின் மனத்தில் இருப்பது ஜீவகாருண்யம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குண்டுமல்லியின் ஸ்வபாவம் வேறு. அது பழைய முற்றிய கிளையில் பூப்பதில்லை. அவ்வாண்டில் புதிதாகத் துளிர்த்த இளங்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கிறது. ஆகவே எத்தனை புதுத் துளிர்களோ அத்தனை மொட்டுக் கொத்துகள் என்பதே அதன் கணக்கு. கவாத்துக் காணாத புதர், ஆளுயரம் வளர்ந்து, உள்ளே காய்ந்த குச்சிகளும் வெளியே இலைகளுமாக நின்று, உச்சியில் மட்டும் இரண்டு கொத்துப் பூக்களைக் காட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 50 செ.மீ. உயரத்தில் கவாத்துச் செய்யவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நம் மாதக் கணக்கில் அது கார்த்திகையின் இரண்டாம் வாரம். கார்த்திகையில் வெட்டுண்ட கிளை மார்கழியிலும் தையிலும் துளிர்த்து, மாசியில் முற்றி, பங்குனியில் மொட்டு விடுகிறது. வசந்தத்தில் நாம் தொடுக்கும் சரத்துக்கு அஸ்திவாரம் அடைமழைக் காலத்திலேயே இடப்பட்டுவிடுகிறது.

இவ்விடத்தில் புதுச்சேரிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கவாத்துக்கு உரிய அந்த வாரமே புயலுக்கும் உரிய வாரமாகிவிடுவதுண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரையேறியபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை புதுச்சேரியில் கொட்டியது. அத்தகைய ஈரத்தில் புதிய வெட்டுக்காயத்தை விட்டுவைத்தால் பூஞ்சணம் எளிதில் புகும். பல்கலைக்கழகம் சொன்ன தேதியைப் பஞ்சாங்கத்து முகூர்த்தம்போலக் கொள்ளாமல், மழை ஓய்ந்து நாலு நாள் வெயில் காயும் இடைவெளியைப் பார்த்து, கூர்மையான கத்தரியால் சாய்வாக வெட்டுவதே விவேகம்; அதனால் ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. முல்லைக்கும் சாதிமல்லிக்கும் கவாத்துக் காலம் ஜனவரி கடைசி வாரம், அதாவது தையின் நடுப்பகுதி. மூன்றையும் மல்லி என்ற ஒரே பெயரில் அடக்கி ஒரே நாளில் வெட்டித் தள்ளுகிறவர்கள், பின்னிரண்டையும் அகாலத்தில் வெட்டியவர்களாகிறார்கள்.

எருவைப் பற்றிய நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது. சாணமும் யூரியாவும் எவ்வளவு கொட்டுகிறோமோ அவ்வளவு பூ என்று எண்ணுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி தழைக்கும், பூக்காது. மல்லிகைக்குச் செடி ஒன்றுக்கு ஆண்டில் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்பது பரிந்துரை. அதைப் பாதியாகப் பிரித்து, கவாத்துக்குப் பின் ஒரு பாதியும் ஆனி ஆடியில் மறு பாதியும் இடவேண்டும். தழைச்சத்து மற்றவற்றில் பாதிதான் என்பதைப் பாருங்கள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வடக்குப் பக்கம் எப்போதும் நிழல், தெற்குப் பக்கம் எப்போதும் வெயில் என்ற நம்பிக்கை, படித்தவர்களிடத்திலேயே மிகுதியாகக் காணப்படுகிறது. ஏனெனில் அது ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களிலிருந்து வந்தது. லண்டன் மாநகரம் ஏறத்தாழ 51 பாகை வட அட்சத்தில் இருப்பதால், அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே நிற்கிறான். வடக்குச் சுவரின் அடி என்றைக்கும் உச்சி வெயிலைக் காண்பதில்லை. புதுச்சேரியோ ஏறக்குறைய 12 பாகையில் உள்ளது. உத்தராயணத்தில் வடக்கு நோக்கி நகரும் சூரியன், ஏப்ரல் 22ஆம் தேதியை ஒட்டி நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதையும் தாண்டி வடக்கே சென்று, தட்சிணாயனத்தில் திரும்பி ஆகஸ்டு 20ஆம் தேதியை ஒட்டி மறுபடியும் நம் உச்சியைக் கடக்கிறான். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்கள் நண்பகல் வெயில் நமக்கு வடக்கிலிருந்து விழுகிறது.

இதன் பயனைப் பத்தடி உயரமுள்ள ஒரு மதிலை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மார்கழி ஆரம்பத்தில், நண்பகலில் அம்மதிலின் நிழல் வடக்குப் பக்கம் ஏழடிக்கு நீண்டு கிடக்கும். ஆனி மாதம் அதே மதிலின் வடக்குப் பக்கத்தில் நண்பகல் நிழலே இல்லை. தெற்குப் பக்கத்தில் இரண்டடி நிழல் மட்டும் விழும். தையில் குளிர்ந்த நிழலாக இருக்கிறதே என்று வடக்கு மதிலோரம் நிழற்செடியை நடுகிறவர், கத்திரி வெயிலில் அது வெளுத்துக் கருகுவதைக் கண்டு, நாற்று விற்றவரை நொந்துகொள்கிறார். நம் வீடுகளில் நிழலும் வெயிலும் இடத்துக்கு மட்டும் உரியவை அல்ல, ருதுவுக்கும் உரியவை. ஆகையால் வசந்தத்தில் பூக்கும் செடிக்கு இடம் தேர்கிறவர், அவ்விடத்தைச் சித்திரையிலும் மார்கழியிலும் இருமுறை பார்த்திருக்கவேண்டும். ஆண்டு முழுவதும் மிதமான ஒளி வேண்டுமானால் கிழக்குப் பக்கமே உத்தமம். காலை வெயில் கிடைக்கும், சுவர் பிற்பகல் வெப்பத்தைத் தடுக்கும். மேற்குப் பக்கம் அரளிக்கும் காகிதப்பூவுக்கும் பொருந்தும். வேறு மென்மையான செடிகள் அங்கே சித்திரவதைப்படும்.

நிழலில் பூவே வராது என்பதும் முழு உண்மையன்று. நிழலில் தரம் உண்டு. உச்சிப் பொழுதில் அவ்விடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். தரையில் விரல்கள் கூர்மையாகத் தெரிந்தால் அது வெயில். கையின் வடிவம் மங்கலாகத் தெரிந்தால் அரைநிழல். ஒன்றுமே தெரியாவிட்டால் அடர்நிழல். மாமரத்தடியும் பலாவடியும் பெரும்பாலும் மூன்றாம் வகை. அங்கே பூச்செடியை நட்டு வருந்துவது வீண். தென்னையின் கீற்றுகள் அப்படியல்ல. அவை ஒளியைச் சல்லடையிட்டு இறக்குகின்றன. அந்த அரைநிழலில் கனகாம்பரம் நன்றாகவே பூக்கும். நந்தியாவட்டையும் சலிக்காமல் மலரும். கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி. அதன் காய்ந்த காய்கள் மழைத்துளி பட்டவுடன் வெடித்து விதைகளைத் தூர எறிவதைச் சிறுவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். டில்லி கனகாம்பரம் என்று விற்கப்படும் வகை மட்டும் விதை வைக்காது, குச்சியை நட்டுத்தான் பெருக்கவேண்டும். விதை விழவில்லையே, செடி மலடாகிவிட்டதே என்று அதைப் பிடுங்கிவிடாதீர்கள். மல்லிகைக்கோ இந்த அரைநிழல் போதாது. நாளில் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாத மல்லிகை, இலைக்காக மட்டுமே வாழும்.

மரநிழலை நிரந்தரம் என்று நம்புவதும் தவறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, இவ்வட்டாரத்தில் எண்ணற்ற மரங்கள் ஓரிரவில் சாய்ந்தன. நிழலில் வளர்ந்த இலை திடீர் வெயிலைத் தாங்காது. மரம் போன தோட்டத்தில் பழைய செடிகளை அடுத்த கோடைக்குள் இடம் மாற்றவேண்டும், அல்லது ஓலைப் பந்தலாவது போட்டுக் காக்கவேண்டும்.

இப்போது, சொல்லவே மனம் கூசினாலும் சொல்லாமல் விடக்கூடாத ஒரு நம்பிக்கை. வீட்டுக்குத் தூரமான பெண் மல்லிகையைத் தொட்டால், அவள் நிழல் பட்டாலும்கூட, செடி பட்டுப்போகும் என்கிறார்கள். இது நம் கிராமத்துக்கு மட்டும் உரிய அறியாமை என்று எண்ணவேண்டாம். டிப்தீரியா நோய்க்கான சோதனையால் புகழ்பெற்ற பேலா ஷிக் என்ற மருத்துவரே, 1920இல் வியன்னா நகரத்தில், மாதவிலக்கான பணிப்பெண்ணின் கையில் ரோஜாக்கள் வாடியதைக் கண்டு, அப்பெண்களின் உடலில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று எழுதினார். பிறகு முறையாகச் சோதித்தவர்களால் அத்தகைய நஞ்சு எதையும் நிரூபிக்க முடியவில்லை, அக்கொள்கை கைவிடப்பட்டது. மல்லிகை வாடியதா? வீட்டுப் பெண்களை விசாரிப்பதை விட்டுவிட்டு அதன் தூரைத் தோண்டிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய பட்டை கையோடு உரிந்து வந்து, அதன்மேல் வெள்ளை நூல்போன்ற பூஞ்சணமும் கடுகளவான பழுப்பு உருண்டைகளும் காணப்பட்டால் அது வேரழுகல். சல்லிவேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு. மண் குழாய் ஓடியிருந்தால் கரையான். இவை யாதுமின்றித் தூரில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால், குற்றவாளி வடிகால் வைக்காத பாத்தி. செடிக்குத் தினமும் நீர் ஊற்றி, களை எடுத்து, மொட்டுப் பறித்துத் தொடுக்கும் கைகளையே அதன் சாவுக்குக் காரணம் காட்டுவது, பல பெண்களை மாதத்தில் சில நாட்கள் தாம் வளர்த்த தோட்டத்திலிருந்தே விலக்கி நிறுத்தியிருக்கிறது. இது ஒழியவேண்டும்.

மல்லிகையும் மனோரஞ்சிதமும் பாம்பை அழைக்கும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பாம்பு பூவின் வாசனைக்கு மயங்குவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது, அடர்ந்த புதரில் மறைவிடம் காண்கிறது. தரையோடு படரும் கிளைகளைக் கழித்து, அடியைப் பெருக்கி வைத்தால் போதும். விளக்கு வைத்தபின் பூப்பறிக்கலாகாது என்ற வழக்கம், மின்விளக்கு இல்லாத காலத்தில் இந்த அச்சம் பற்றி எழுந்ததாயின் அதில் நியாயம் உண்டு.

உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளிகள் பூதக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்பதை, ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வழவழப்பான இலையில் உட்கார்ந்த துளி, ஒளியை இலையின்மேல் சுடுமளவுக்குக் குவிக்க இயலாது. மயிர்கள் அடர்ந்து, துளியை உயர்த்திப் பிடிக்கும் இலையில் மட்டுமே அது சாத்தியம். எனினும் நடுப்பகலில் ஊற்றும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயின் முதல் நீர் கொதிநீராகவே வரும். ஆகையால் விடியலில் ஊற்றும் பழைய வழக்கமே நல்லது, காரணம் மட்டும் வேறு. காகிதப்பூவுக்கோ அந்த நீரையும் குறைக்கவேண்டும். வேர் சற்றுக் காய்ந்தால்தான் அது இலையை அடக்கிப் பூவைக் காட்டும்.

கடைசியாக ஒன்று. மாசி மாதத்தை ஒட்டிப் புதுச்சேரியில் நடக்கும் மலர், காய், கனிக் கண்காட்சியில் டாலியாவையும் பெட்டூனியாவையும் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள், சித்திரையில் அவை மடிந்ததும், தம் கை ராசியில்லாத கை என்று மனம் நோகிறார்கள். கையில் குறை ஒன்றுமில்லை. டாலியா குளிர்ந்த மலைநாட்டுச் செடி. துலிப் கிழங்கோ மூன்று மாதங்களுக்குக் குறையாத கடுங்குளிரில் உறங்கினாலன்றிப் பூக்காது. ஸ்ரீநகர்த் துலிப் தோட்டம் வசந்தத்தில் நிறைவது அதனால்தான். மார்கழி இரவிலும் 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் நம் ஊர் அந்தக் குளிரை எங்கே பெறும்? இதனால் அயல்நாட்டுச் செடி எதுவுமே இங்கு வராது என்று முடிவு கட்டுவதும் பிழை. பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் புதுச்சேரியில் அமைத்த தாவரவியல் பூங்காவில் தூர தேசத்து விருட்சங்கள் பல நம் மண்ணில் ஓங்கி நிற்கின்றன. காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மே மாதப் பூ, ஆண்டின் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கி, கோடை மழையின் முதல் ஈரத்தில் பந்துபோன்ற செந்நிறப் பூவொன்றை இலைக்கு முன்னரோ இலையோடு சேர்ந்தோ எழுப்புகிறது. தென்னையின் அரைநிழலில், கிழங்கின் கழுத்து மண் மட்டத்துக்கு நேராக இருக்கும்படி அதை நட்டு, இலை பழுத்து விழுந்த நாள் முதல் நீரை நிறுத்திவிடவேண்டும். உறங்கும் கிழங்குக்கு இரக்கப்பட்டு ஊற்றும் நீரே அதை அழுக வைக்கிறது. அதன் கிழங்கும் இலையும் நஞ்சாதலால், ஆடு மாடு கட்டும் கொட்டகைக்கு அருகில் மட்டும் நடவேண்டாம்.