முதலில் அரிவாளை அறுங்கள்

மலையூரான கரியாலூரிலிருந்து சேலம் அரசு பொறியியல் கல்லூரிக்கு உலோகவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு:

1. பள்ளியில் வெங்காயத் தோலைப் பார்த்த மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் கீழிருந்து வந்தது. இரும்பை ஒளி ஊடுருவாது. அதனால் உலோகம் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் ஒளி லென்ஸ் வழியாகவே இறங்கி, பரப்பில் பட்டு, வந்த வழியே திரும்பும். சமமான இடம் வெளிச்சமாகவும், பள்ளமும் சரிவும் இருட்டாகவும் தெரியும். கண்ணில் படுவதெல்லாம் நீங்கள் தேய்த்து உண்டாக்கிய பரப்புதான்.

2. முதல் மாதிரிக்கு உடைந்த அரிவாள் போதும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்ததென்றால் இன்னும் நல்லது. வாயிலிருந்து முதுகு வரை குறுக்கே, தண்ணீர் விட்டுக்கொண்டே கட்டிங் வீலில் அறுங்கள். சூடேறினால் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிடும். பேக்கலைட் பிரஸ்ஸின் 150 டிகிரிகூட அதற்கு ஆகாது. சூடில்லாமல் இறுகும் ரெசினில் பதியுங்கள்.

3. எமரி தாள் 220, 400, 600, 1000 என்று போங்கள். தாள் மாற்றும்போதெல்லாம் துண்டை 90 டிகிரி திருப்புங்கள். பழைய கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். துண்டோடு கையையும் கழுவுங்கள். முந்தைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் போச்சு. கடைசியில் துணியில் அலுமினா அல்லது வைரப் பசை. அவசரப்பட்டு அழுத்தினால் மேல்தோல் இழுபட்டு உள்ளமைப்பை மூடிக்கொள்ளும். பளபளப்பை நம்பாதீர்கள்.

4. அமிலம் தொடுவதற்கு முன்பே ஒருமுறை பாருங்கள். கசடுத் துணுக்கு, துளை, விரிசல் எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

5. நைட்டால் என்பது எத்தனாலில் 2 சதவீத நைட்ரிக் அமிலம். ஆல்கஹாலில்தான் அமிலத்தைச் சொட்ட வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. தேய்த்த பரப்பில் அதைத் தொட்டால் சில நொடிகளில் பளபளப்பு மங்கும். உடனே கழுவி உலர்த்துங்கள். குறைந்தால் இன்னொரு முறை தொடலாம். மிஞ்சினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

6. எடுத்த எடுப்பில் ஆயிரம் மடங்குக்குத் தாவுவது மாணவர் வியாதி. சிறிய லென்ஸில் துண்டு முழுவதையும் சுற்றிப் பாருங்கள். பிறகு பெரிதாக்கினால் வாயில் ஊசி ஊசியாகக் கடினமான மார்டென்சைட், முதுகில் வரி வரியாக மென்மையான பியர்லைட்.

7. உங்கள் மலைக்குக் கீழே, சங்கராபுரம் வட்டாரத்து மேல்சிறுவள்ளூரில் எஃகு காய்ச்சிய பழைய மண் மூசைகளின் சில்லுகளைக் கண்டறிந்து 1994இல் கட்டுரை எழுதினார் தொல்லுலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன். சில்லில் சிக்கியிருந்த சின்ன இரும்புத் துளிகளின் நுண்ணமைப்புதான் அங்கே காய்ச்சியது கரிச்சத்து மிகுந்த எஃகு என்று காட்டியது. அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஆனால் அங்கே போய்ச் சில்லு பொறுக்காதீர்கள். கிடந்த இடம் தெரியாத சில்லு ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும்.

8. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தில் அளவுக்கோடு, நோட்டில் அறுத்த திசை, அமிலம், அதைத் தொட்ட நொடிகள்: இவற்றைக் குறிக்க மறக்காதீர்கள்.