உப்பு ஆய்வு: குளோரைடா, புரோமைடா?

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் கடமலைக்குண்டு வட்டாரப் பிள்ளைகள் மனப்பாடத்தை நம்பித் தடுமாற வேண்டாம் என்பதற்காக இந்தப் பாடத்தைத் தருகிறோம்.

உப்பின் சாற்றில் நீர்த்த நைட்ரிக் அமிலமும், பிறகு சில்வர் நைட்ரேட்டும் சேர்த்தால் வீழ்படிவு வரும். அதில் அம்மோனியம் ஹைட்ராக்சைடை விட்டுக் கவனியுங்கள்:

குளோரைடு: தயிர் போன்ற வெண்மை, முழுதும் கரையும்.
புரோமைடு: வெளிர்மஞ்சள், சிறிதளவே கரையும்.
அயோடைடு: மஞ்சள், கரையாது.

காரணம் என்ன? சில்வர் குளோரைடு நீரில் மிகச் சிறிதளவே சில்வர் அயனியைத் தரும். அந்த அயனி ஒவ்வொன்றையும் 2 அம்மோனியா மூலக்கூறுகள் பற்றிக்கொண்டு அணைவு அயனியாக்கும். குறைந்ததை ஈடுகட்ட வீழ்படிவு மேலும் கரையும். இப்படியே முழுதும் கரைந்துவிடும். அயோடைடு தரும் சில்வர் அயனி இதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அம்மோனியாவால் அதைக் கரைக்க முடிவதில்லை.

தெளிந்த கரைசலில் நைட்ரிக் அமிலம் கூடுதலாக விட்டால் அம்மோனியா அம்மோனியம் அயனியாக மாறும். வெண்மை வீழ்படிவு திரும்பும். குளோரைடு உறுதி.

எச்சரிக்கை: அம்மோனியா கலந்த சில்வர் கரைசலை எடுத்து வைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உண்டாகும். ஆசிரியர் சொல்கிறபடி அன்றே அப்புறப்படுத்துங்கள்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக, ஆமீன்.